கூடு விட்டுக் கூடு பாயாத விண்டோஸ்

மாத்தளை மாவட்டத்தின் பாடசாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் சிறு அலுவலகங்களிலும் அச்சுக் கடைகளிலும் கணினிக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,



“பெக்கப் எடுத்து வைத்திருக்கிறோம்” என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். காப்பே எடுக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பலர் சொல்லிவிட்டார்கள். உங்கள் அலுமாரியில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அலுவலகக் கணினியின் முழு வட்டும், அதாவது விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாம், ஒரே இமேஜாக அதில் கிடக்கின்றன. கணினி கெட்டால் அதை இறக்கி மறுநாளே வேலையைத் தொடரலாம் என்பது உங்கள் கணக்கு. கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. எந்தக் கணினியிலிருந்து எடுத்தீர்களோ அந்தக் கணினிக்குத்தான் அந்த இமேஜ் முழுக் காப்பு. வேறு கணினியில் அது எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். நம் பக்கத்தில் கணினிகள் சாகும் விதத்தைப் பார்த்தால், மீட்க வேண்டிய நாளில் உங்கள் மேசையில் இருக்கப்போவது பெரும்பாலும் வேறு கணினிதான்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் பழுதானால் கவலையில்லை. புதிய வட்டைப் பூட்டி இமேஜை இறக்கினால் பழைய கணினி பழையபடி எழும்பிவிடும். ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாலைகளில், மின்னல் வயர் வழியே உள்ளே வந்தால் வட்டோடு நிற்பதில்லை, தாய்ப்பலகையையும் கொண்டுபோய்விடுகிறது. வெள்ளமும் மண்சரிவும் திருட்டும் பாகம் பார்த்து எடுப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டை உலுக்கிய பிறகு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இடரே வராவிட்டாலும் வயது வருகிறது. ஏழெட்டு ஆண்டு ஓடிய கணினியின் தாய்ப்பலகை எரிந்தால் அதே மாதிரிப் பலகை கடையில் கிடைக்காது. எப்படிப் பார்த்தாலும் பழைய உடல் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டியிருக்கிறது.

திருமூலர் கதை உங்களுக்குத் தெரியும். பாம்பு தீண்டி இறந்த இடையன் மூலனின் உடலுக்குள் ஒரு யோகி புகுகிறார். மாடுகளைப் பட்டியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், ஒளித்து வைத்த தம் உடலைக் காணவில்லை. கடைசிவரை மூலனின் உடலிலேயே இருக்கிறார். யோகிக்கு அது முடிந்தது. பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று அழைக்கும் விண்டோஸுக்கு அந்தச் சித்து அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. அதற்குக் காரணம் கணினி துவங்கும் முறையிலேயே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் வட்டிலுள்ள துவக்க நிரலை எழுப்புகிறது; அது விண்டோஸின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதுவரை வட்டைப் படித்துக் கொடுப்பது தாய்ப்பலகை. அதன் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரைக்கொண்டு வட்டைப் படித்தாக வேண்டும். பழைய கணினியில் வட்டு ஒரு வகைக் கட்டுப்படுத்தியில் இணைந்திருந்தது. விண்டோஸ் அதற்குரிய டிரைவரை மட்டும் துவக்கத்திலேயே எழுப்பும்படி தன்னைப் பழக்கிக்கொண்டது. புதிய கணினியில் கட்டுப்படுத்தி வேறு. அதற்கான டிரைவர் வட்டுக்குள் எங்கோ இருந்தாலும், அதை எடுக்க முதலில் வட்டைப் படிக்க வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருப்பது போல. துவக்க வட்டை அணுக முடியவில்லை என்ற ஆங்கில வரியோடு நீலத்திரை வருவது இந்த இடத்தில்தான். இமேஜில் ஒரு பைட் கூடப் பழுதாகியிருக்காது. ஆனாலும் எழும்பாது.

அதைத் தாண்டினாலும் வேறு வாசல்கள் இருக்கின்றன. பழைய கணினிகள் பயோஸ் முறையில், எம்பிஆர் பிரிப்புள்ள வட்டிலிருந்து துவங்கின. இன்று வரும் பல கணினிகள் யுஇஎஃப்ஐ முறையை மட்டுமே அறிந்தவை. ஜிபிடி பிரிப்பு இல்லாத வட்டை அவை திரும்பியும் பார்ப்பதில்லை. 2017இலிருந்து விண்டோஸ் 10உடன் இதை மாற்றித் தரும் கருவி ஒன்று வருகிறது, ஆனால் அப்படி ஒன்று தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்குகிறது. அதற்குரிய டிரைவரைக் கொடுக்காவிட்டால், விண்டோஸைப் புதிதாக நிறுவும் திரையில்கூட வட்டு கண்ணில் படாது. பிறகு அளவு. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் 60 கிகாபைட்தான் நிரம்பியிருந்தாலும், அந்த இமேஜை 256 கிகாபைட் எஸ்எஸ்டியில் இறக்கக் குளோன்சில்லா போன்ற இலவசக் கருவி வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. தாய்ப்பலகை போனால் உரிமமும் போனது. பிட்லொக்கர் பூட்டு போட்ட வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கே இருக்கிறது? 

“இதெல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பயம். விண்டோஸ் 10 வட்டைக் கழற்றி எதில் மாட்டினாலும் எழும்புகிறதே” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். பாதி சரி. எக்ஸ்பி நிறுவப்படும்போதே தாய்ப்பலகையின் வகையைத் தீர்மானித்துவிடும். விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு துவக்கத்திலும் அது புதிதாகப் பார்க்கப்படுகிறது. பொதுவான வட்டுக் கட்டுப்படுத்திகளுக்கான டிரைவர்களும் உள்ளேயே வருகின்றன. ஆகவே வட்டு பல வேளை எழும்புகிறது. ஆனால் இடர் வந்த நாளில் பல வேளை எழும்பும் என்பதை வைத்து என்ன செய்வது? எழும்பாத வேளை எது என்று முன்கூட்டித் தெரியாத வரைக்கும் அது காப்பு இல்லை, அதிர்ஷ்டம். மைக்ரோசொஃப்டே இதில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஒரு கணினியின் முறைமை நிலையை வேறு தயாரிப்பு, வேறு மாதிரிக் கணினியில் மீட்பதைத் தான் ஆதரிப்பதில்லை என்று தன் ஆதரவுக் குறிப்பில் எழுதி வைத்தது. விண்டோஸ் 7 காலத்திலிருந்து வந்த இமேஜ் கருவியை 2017இல் கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்து, முழு வட்டுக் காப்புக்கு வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னது. அக்ரோனிஸ், மேக்ரியம் போன்றவை வேறு வன்பொருளில் இறக்கும் வசதியைத் தருகின்றன. இறக்கும்போதே புதிய கணினிக்கான டிரைவரை உள்ளே செருகிவிடும். நல்ல கருவிகள்தான். ஆனால் அந்த டிரைவரைத் தேடி எடுத்துத் தர வேண்டியவர் நீங்கள். மின்சாரமும் இணையமும் ஒழுங்காக இல்லாத ஒரு வாரத்தில் அதைத் தேட நேர்ந்தால் கருவியின் விலைக்குப் பலன் இராது.

பாடசாலை ஆய்வுகூடத்தைக் கவனிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு கணினியை ஒழுங்காக அமைத்து, அதன் பிரதியை மற்ற எல்லாவற்றிலும் இறக்குவதை இன்றும் “கோஸ்ட் போடுவது” என்கிறோம். 1995இல் நியூசிலாந்தில் மர்ரி ஹஸார்ட் எழுதிய கோஸ்ட் மென்பொருளின் பெயர் அது. மென்பொருளைப் பலர் மறந்த பிறகும் பேய் வினைச்சொல்லாக நின்றுவிட்டது. ஒரே மாதிரிக் கணினிகள் இருபது வந்தால் கோஸ்ட் போடுவது சரியான வழி. நம் ஆய்வுகூடங்களில் அரசு தந்தவை சில, நன்கொடையாக வந்தவை சில, பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை சில என்று வரிசையே கலவையாக இருக்கிறது. அங்கே ஒரே இமேஜ் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொருந்தினாலும் இன்னொரு வில்லங்கம். விண்டோஸின் சிஸ்பிரெப் கருவி கொண்டு பொதுமைப்படுத்தாமல் பிரதி எடுத்தால் எல்லாக் கணினிகளும் ஒரே பாதுகாப்பு அடையாள எண்ணைச் சுமக்கும். அதனால் தீங்கில்லை என்றே நெடுநாள் பலர் நம்பினார்கள். 2009இல் மைக்ரோசொஃப்டின் மார்க் ருசினோவிச், இரட்டை எண் பற்றிய அச்சம் வெறும் கட்டுக்கதை என்றே எழுதினார். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புகள் அந்த எண்களைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கின. ஒரே எண் கொண்ட கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்புப் பகிர மறுத்தன. பிரதி எடுத்த நாளில் தெரியாத பிழை, பல ஆண்டு கழித்து ஒரு புதுப்பிப்பில் வெளியே வந்தது.

இமேஜே வேண்டாமா என்று கேட்காதீர்கள். இமேஜுக்குள் எதை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. விண்டோஸை மறுபடி நிறுவ ஒரு மணிநேரம். எழுத்துச் செயலியும் அச்சுப்பொறியும் இன்னும் சில மணிநேரம். கூட்டுறவுச் சங்கத்தின் பத்தாண்டுப் பற்றுவரவை எங்கிருந்து பதிவிறக்குவீர்கள்? திரும்பக் கிடைப்பதையும் திரும்பக் கிடைக்காததையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுவதுதான் தவறு. பெட்டி திறக்க மறுத்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

நம் நாட்டின் பெரிய பாடம் 2023இல் வந்தது. ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரச மேகக் கணினியைக் கப்பம் கேட்கும் நிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச முகவரியில் இயங்கிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டுவிட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்த நூறு நாட்களுக்குத் தாக்குதல் எட்டாத காப்பு எதுவும் இருக்கவில்லை. மென்பொருளும் பழையது: அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013. “எங்கள் கோப்புகள் மேகத்தில் இருக்கின்றன, எங்களுக்கு இது பொருந்தாது” என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மேகம் என்பதும் எங்கோ ஒருவர் பொறுப்பில் ஓடும் கணினிதான். முறைமையை எவராலும் மறுபடி எழுப்ப முடிகிறது. எழுப்பிய பிறகு அதற்குள் வைக்க என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2017இல் நொட்பெட்யா தாக்குதலில் இதையே இன்னும் பெரிய அளவில் கண்டது. 45,000 கணினிகளையும் 4,000 சேவையகங்களையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவி முடித்தார்கள். முடியாமல் திணறிய இடம் ஒன்றே ஒன்று: யார் யாருக்கு எந்த அனுமதி என்ற முழு வலையமைப்பின் பதிவேடு. அதன் எல்லாப் பிரதிகளும் அழிந்திருந்தன. கானாவில் மட்டும், மின்வெட்டால் அந்த நேரம் அணைந்து கிடந்த ஒரு கணினியில், ஒன்று தப்பியிருந்தது. அத்தனை பெரிய நிறுவனத்தை ஒரு மின்வெட்டு காப்பாற்றியது என்பது நமக்கும் கொஞ்சம் ஆறுதல்தான்.

திரும்பக் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வேறுபாட்டை நம் மாவட்டத்துப் பல்லேகமவில் இருப்பவர்களுக்கு நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. நக்கிள்ஸ் மலைகளிலிருந்து இறங்கி அம்பன் கங்கையில் சேரும் களு கங்கையை (களுத்துறையில் கடலில் விழும் களு கங்கை வேறு) உங்கள் ஊரில்தான் மறித்தார்கள். மொரகஹகந்த திட்டத்தோடு இணைந்த அந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரம் இடத்தை விட்டது. வேறு நிலத்தில் புதிய நகரம் எழும்பியது. பழைய சுவர்களை யாரும் லொறியில் ஏற்றவில்லை. புதிய நிலத்தின் சரிவுக்கும் மண்ணுக்கும் ஏற்பச் சுவர் புதிதாகவே எழும்பியது. கூடவே வர வேண்டியவை காணி உறுதிகளும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் பாடசாலை வரவுப் பதிவேடுகளும். சுவர் இல்லாவிட்டால் கட்டலாம். உறுதி தொலைந்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஒரு நகரத்துக்குச் செய்த வேறுபாட்டை ஒரு கணினிக்கும் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதற்கு எதிராக வரக்கூடிய கடினமான வாதம் ஒன்று உண்டு, அதை நான் மதிக்கிறேன். “கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. எங்கள் கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இப்போது நாட்டிலேயே இல்லை. அதை நிறுவும் சீடியும் இல்லை. இமேஜை விட்டால் வேறு வழியில்லை.” அச்சுக் கடைக்காரர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: பாமினி. இருபது ஆண்டுத் திருமண அழைப்பிதழ்களும் நினைவஞ்சலிகளும் கோயில் மலர்களும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைதான் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் பயனில்லை. ஆக, இமேஜ் சுமப்பது வெறும் விண்டோஸை மட்டும் அல்ல, அந்த மேசையில் பல ஆண்டாகச் சேர்ந்த பழக்கங்களையும் என்பது உண்மை.

ஆனால் இந்த வாதம் இமேஜை எங்கே எழுப்புவது என்பதை மாற்றச் சொல்கிறதே தவிர, வேறு கணினியில் அப்படியே இறக்கச் சொல்லவில்லை. சீடி தொலைந்த மென்பொருளுக்கு ஏற்ற இடம் மெய்நிகர்க் கணினி. விர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். மைக்ரோசொஃப்ட் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற சிறு கருவி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டை மெய்நிகர் வட்டாகப் படியெடுத்துத் தரும். அதை ஒரு முறை எழுப்பி, இணையத்தைத் துண்டித்து வைத்துவிட்டால், அடியில் உள்ள கணினி எத்தனை முறை மாறினாலும் பழைய கணக்கு மென்பொருள் அதை அறியாது; மெய்நிகர்க் கணினி எல்லா இடத்திலும் ஒரே வன்பொருளையே அதற்குக் காட்டுகிறது. உரிமம் பற்றிய கேள்வி இங்கேயும் உண்டு, அதை மறைக்கவில்லை. பாமினிக்கு வழி இன்னும் எளிது. எழுத்துருக் கோப்புகளை ஒரு கோப்புறையில் சேர்த்துத் தரவுகளோடு வையுங்கள். இனி எழுதுபவற்றை யூனிகோடில் எழுதுங்கள். கை பழகிய விசைப்பலகை மாற வேண்டியதில்லை, பாமினி விசை அமைப்பிலும் ரெங்கநாதன் அமைப்பிலும் யூனிகோடு தட்டும் கருவிகள் இருக்கின்றன. அடிக்கடி தேவைப்படும் பழைய கோப்புகளை மட்டும் மாற்றி வைத்தால் போதும். இருபது ஆண்டு அழைப்பிதழ்களையும் மாற்ற வேண்டுமா? திருமணம் முடிந்துவிட்டது, விட்டுவிடலாம்.

லினக்ஸ் பயன்படுத்தும் சிலர் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். அவர்கள் புன்னகைக்கலாம். டெபியன் போன்றவை துவக்கத்திலேயே பெரும்பாலான வட்டு டிரைவர்களைச் சுமந்து வருவதால் வேறு கணினியில் எழும்புவது எளிது. நம் அலுவலகங்களில் ஓடுவது விண்டோஸ் என்பதால் அந்தப் பேச்சை இங்கே வளர்க்கவில்லை.

இதை எல்லாம் செய்ய நேரமில்லை, உபரிக் கணினியும் இல்லை என்பது கடைசியாக வரும் பதில். நேரம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புதிய செயலியும் இல்லாத கணினியை முறைப்படி ஏற்பதில்லை. இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து. ஆகவே நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், உங்களில் பலர் அடுத்த ஓரிரு ஆண்டில் பழைய கணினியிலிருந்து புதியதற்கு இடம்பெயரப்போகிறீர்கள். இமேஜை அப்படியே தூக்கிப் போடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் அதிகமாக வரும். ஆதரவு முடிந்த ஒரு முறைமையைப் புதிய கணினியில் குடிவைக்க நீங்கள் படும் பாட்டை, புதிய முறைமையில் தரவை முறையாக வைப்பதற்குப் படுங்கள்.

கேட்பது பெரிய வேலை இல்லை. தரவுகளை இமேஜுக்கு வெளியே, சாதாரணக் கோப்புகளாக, எந்தக் கணினியிலும் திறக்கும்படி ஒரு தனி வட்டில் வையுங்கள். எழுதி முடித்ததும் அந்த வட்டைக் கழற்றுங்கள். முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள். நிறுவும் மென்பொருள்கள், எழுத்துருக்கள், அச்சுப்பொறி டிரைவர்கள், உரிம எண்கள், அந்த 48 இலக்க எண் ஆகியவை காகிதத்திலும் வட்டிலும் இருக்கட்டும். பிறகு, எடுத்த காப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வருகிற டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் போதும். அலுவலகக் கணினி அன்று காலையில் எரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல், வேறு ஒரு கணினியில், கையில் உள்ள காப்பை மட்டும் வைத்து, ஒரு மாதச் சம்பளப் பட்டியலையோ ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியலையோ அச்சடித்துப் பாருங்கள். இடையில் எழுந்துபோய்ப் பழைய கணினியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால், அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் காப்பில் இல்லாதவற்றின் பட்டியல்.

இமேஜையும் சோதிப்பதாக இருந்தால் உபரி வட்டு ஒன்றில் சோதியுங்கள். கடன் வாங்கிய கணினியின் சொந்த வட்டைத் தொடங்கு முன்பே கழற்றி மேசை லாச்சியில் வைத்துவிடுங்கள். இமேஜை இறக்கும் மென்பொருள் ஓரிரு தடவை கேட்கும், அதன் பிறகு வட்டில் இருப்பது யாருடையது என்று பார்க்காமல் அழித்துவிடும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்